ஒரு சாண் கோட்டை, இரு சாண் வில்

செஞ்சிக்காரர்களுக்குக் கோட்டை இரண்டு. ஒன்று ஊருக்கு மேற்கே, ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளையும் மதிலால் வளைத்துக் கட்டியது. பேருந்து நிலையத்தில் இறங்கித் திருவண்ணாமலை சாலைப் பக்கம் திரும்பினாலே கண்ணில் படும். இன்னொன்று நிலாவைச் சுற்றிக் கட்டுவது. அதைப் பார்க்க ஐப்பசி, கார்த்திகை இரவில் ஏரிக்கரைக்கு வர வேண்டும். துணி போர்த்தியது போல மெல்லிய வெண்மேகம் வானமெங்கும் படர்ந்திருக்கும். அந்த மேகத்தில் நிலாவை நடுவில் வைத்து ஒரு பெரிய வளையம் விழும். “நிலா கோட்டை கட்டியிருக்கு” என்பார்கள். எட்டக் கோட்டை கிட்ட மழை, கிட்டக் கோட்டை எட்ட மழை என்ற சொலவடையையும் சேர்த்தே சொல்வார்கள்.

இந்தச் சொலவடை தமிழ்நாடு முழுக்க உண்டு. எட்ட என்றால் எவ்வளவு எட்ட, கிட்ட என்றால் எவ்வளவு கிட்ட என்று கேட்டால் இன்று பதில் சொல்ல ஆளில்லை. எங்கள் ஊரில் ஒருவருக்குத் தெரிந்திருந்தது. அவர் எங்கள் தாத்தா. ஊர் ஏரிக்கு அவர்தான் நீர்க்கட்டி.

நீர்க்கட்டி என்பவர் ஏரியின் கைகாரர். மதகைத் திறப்பதும் மூடுவதும் அவர் வேலை. எந்த மடைக்கு எத்தனை நாழிகை தண்ணீர், கடைமடைக்குப் போய்ச் சேர்ந்ததா, நடுவில் யாராவது வரப்பை வெட்டிவிட்டார்களா என்று இரவெல்லாம் மண்வெட்டியும் கையுமாக வாய்க்காலோடு நடப்பார். அறுப்பு முடிந்ததும் களத்துமேட்டில் ஆயக்கட்டுக்காரர்கள் அளந்து கொடுக்கும் நெல்தான் கூலி. ஊருக்கு ஊர் இந்த வேலை பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியார் கையில்தான் இருந்தது. எங்கள் குடும்பமும் அப்படித்தான். தண்ணீரைப் பங்கிட்டவருக்குச் சொந்தமாக ஒரு காணி நிலம் கிடையாது. ஆனால் வானத்தைப் பார்த்து அவர் சொன்ன சொல்லுக்கு ஊர் கட்டுப்பட்டது.

1971இல் எனக்கு ஒன்பது வயது. ஒரு கார்த்திகை இரவு, கரைமேல் என்னையும் கூட்டிக்கொண்டு நின்றார். நிலா கோட்டை கட்டியிருந்தது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, முழங்கை மடங்காமல் வலக்கையை வானத்தை நோக்கி நீட்டினார். விரல்களை விரித்து, கட்டைவிரல் நுனியை நிலாவின் மேல் வைத்தார். சுண்டுவிரல் நுனி வளையத்தின் மேல் போய் உட்கார்ந்தது.

“சாண் கொண்டிச்சா? இது எட்டக் கோட்டை. நாளைக்கு மதகு தொறக்க வேணாம்.”

“கிட்டக் கோட்டைன்னா எவ்ளோ தாத்தா?”

“மூணு வெரலுக்குள்ள அடங்கிடும். அது சும்மா வெறும் மேகம். அத்த நம்பி மடைய மூடிட்டா பயிரு காஞ்சிடும்.”

அவ்வளவுதான் பாடம். மழை வரப்போகிறது என்றால் ஏரித் தண்ணீரை வயலுக்கு விட வேண்டாம், சேமிக்கலாம். வராது என்றால் இன்றே விட்டாக வேண்டும். அந்த முடிவு ஒரு சாணில் இருந்தது.

பிறகு நான் படித்து, இயற்பியல் ஆசிரியையாகி, முப்பது ஆண்டுக்கு மேல் பள்ளிகளில் ஒளியியல் நடத்தினேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நூலில் இரண்டு எண்களை அடுத்தடுத்துப் பார்த்தேன். நிலாவைச் சுற்றி விழும் பெரிய வளையத்தின் ஆரம் 22 பாகை. வானவில்லின் ஆரம் 42 பாகை. நூலை மூடி வைத்துவிட்டுக் கையை நீட்டி விரித்துப் பார்த்தேன். நீட்டிய கையின் ஒரு சாண், கண்ணுக்கு இருபது பாகையிலிருந்து இருபத்திரண்டு பாகைவரை காட்டும். தாத்தா அளந்தது சரியான அளவு. வானவில்லோ ஏறத்தாழ இரண்டு சாண். தேசமெல்லாம் பித்தளைக் கருவி செய்து அளந்ததை ஏரிக்கரையில் ஒருவர் வெறுங்கையால் அளந்திருக்கிறார். அந்த நாளிலிருந்து இந்த இரண்டு வளையங்களின் கதையையும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

எட்டக் கோட்டையைக் கட்டுவது பனி. செஞ்சி வெயிலில் நின்றுகொண்டு இதைச் சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். தரையில் எத்தனை வெக்கை இருந்தாலும், பத்துக் கிலோமீட்டர் உயரத்துக்குப் போனால் நீர் உறைந்துதான் கிடக்கும். அங்கே மிதக்கும் பனித்துகள்களுக்கு ஆறு பக்கம், சீவாத பென்சில் துண்டு போல. ஒரு பக்கத்தில் நுழையும் நிலவொளி அடுத்த பக்கத்தை விட்டுவிட்டு அதற்கடுத்த பக்கத்தில் வெளியேறும்போது குறைந்தது 22 பாகை வளைகிறது. அதற்குக் குறைவாக வளைய வழியில்லை. ஆகவே நிலாவைச் சுற்றி ஒரு சாண் தூரம் வரை வானம் சற்று இருண்டும், சாண் முடிகிற இடத்தில் வெளிச்சமாகவும் தெரிகிறது. உற்றுப் பார்த்தால் வளையத்தின் உள்விளிம்பு லேசாகச் சிவந்திருக்கும். வானவில்லில் சிவப்பு வெளியே இருக்கும், கோட்டையில் உள்ளே இருக்கும்.

கிட்டக் கோட்டை வேறு சரக்கு. அது பனியால் ஆனதல்ல, பொடிப்பொடி நீர்த்துளிகளால் ஆனது. நிலாவின் முன்னால் போகும் சிறு மேகத்தில் துளிகளின் ஓரங்களை உரசி ஒளி விரியும்போது நிலாவை ஒட்டியே மூன்று விரலுக்குள் ஒரு வட்டம் தோன்றும். அத்தகைய மேகம் நல்ல வானிலையிலும் வந்து போகும். வானமெங்கும் படரும் உயர்ந்த பனிமேகமோ பல நேரம் ஒரு பெரிய மழைக்கு முன்னோடி. வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உருவானால் அதன் உச்சியிலிருந்து வெளியே விசிறப்படும் பனிமேகம் மழைக்கு முன்பே நம் தலைக்கு மேல் வந்துவிடும். கோட்டை கட்டிய எல்லா இரவுக்கும் மறுநாள் மழை பெய்யாது. ஆனால் இரண்டு கோட்டையில் எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்று சொலவடை பிரித்த பிரிவு சரியானது. ஒரே பெயரில் நடமாடும் இரண்டு வேறு பொருள்களை அளவால் பிரித்திருக்கிறார்கள் நம் முன்னோர்.

பழந்தமிழில் இந்த வளையத்துக்கு ஊர்கோள் என்று பெயர். வடமொழியில் இருந்து வந்த பரிவேடம் என்ற சொல்லும் உண்டு. ஊர் மக்கள் வாயில் அது கோட்டையாக நின்றது. மதிலும் அகழியும் பார்த்து வளர்ந்த செஞ்சிப் பிள்ளைக்கு அந்தச் சொல்லை விளக்கவே வேண்டியதில்லை. நடுவில் ராஜா, சுற்றிலும் மதில், வெளியே இருந்து வருவது மழைப் படை.

மழையும் படையும் இந்த ஊரில் நேருக்கு நேர் சந்தித்த காலமும் உண்டு. 1677இல் சிவாஜி பிடித்த கோட்டையில், அவர் மகன் ராஜாராம் வந்து தங்கியிருந்தார். அவரைப் பிடிக்க அவுரங்கசீப் அனுப்பிய சுல்பிகர் கான் 1690இல் முற்றுகையைத் தொடங்கினார். கோட்டை விழுந்தது 1698இல். எட்டு ஆண்டு முற்றுகை என்று பள்ளிப் பாடத்தில் ஒரு வரியில் கடந்துவிடுகிறோம். அந்த எட்டு ஆண்டிலும் ஐப்பசியும் கார்த்திகையும் வந்து போயின. முகலாயர் பக்கம் இருந்த பீம்சேன் தன் நினைவுக் குறிப்பில் 1692ஆம் ஆண்டு மழையைப் பற்றி எழுதியிருக்கிறார். விடாமல் கொட்டிய மழையில் பள்ளங்களில் கிடந்த சிப்பாய்கள் பட்ட பாடு, தானிய விலை ஏறியது, கண்ணுக்கெட்டிய நிலமெல்லாம் ஒரே ஏரியாகத் தெரிந்தது என்பதையெல்லாம் பதிந்திருக்கிறார். மழை ஒரு பக்கம், வரத்தை அறுத்த மராட்டியக் குதிரைப்படை மறுபக்கம். 1693 சனவரியில் சுல்பிகர் கான் முற்றுகையைத் தளர்த்திக்கொண்டு வந்தவாசிக்குப் பின்வாங்கினார்.

வெளியே இருந்தவர்களை அலைக்கழித்த அதே மழைதான் உள்ளே இருந்தவர்களுக்குக் குடிநீர். ராஜகிரி அடிவாரத்தில் செட்டிக்குளம், சக்கரக்குளம், கல்யாண மகாலை ஒட்டி ஆனைக்குளம். பாறைச் சரிவில் விழும் ஒவ்வொரு துளியும் எங்கே ஓடும் என்று பார்த்து இடம் குறித்திருக்கிறார்கள். கல்யாண மகாலின் மேல்தளத்துக்குச் சுடுமண் குழாய் வழியாகத் தண்ணீர் ஏறியிருக்கிறது. சுற்றுலா வருபவர்கள் பீரங்கியைப் பார்க்கிறார்கள், தானியக் களஞ்சியத்தைப் பார்க்கிறார்கள். என் மாணவர்களை அழைத்துப் போகும்போதெல்லாம் முதலில் குளத்தங்கரையில்தான் உட்கார வைப்பேன். இந்தக் கோட்டையைத் தாங்கியது கல்லும் தண்ணீரும். கல் எல்லோர் கண்ணிலும் படுகிறது.

இனி வில்.

செஞ்சி ஊருக்குள் நின்று பார்த்தால் கோட்டை மேற்கே இருக்கிறது. வானவில் எப்போதும் சூரியனுக்கு நேர் எதிரே விழும். ஆகவே ராஜகிரியின் மேல் நிற்கும் வில் காலை வில்லாகத்தான் இருக்க முடியும். மாலையில் விழுந்தால் அது கிழக்கே, திண்டிவனம் பக்கம். நடுப்பகலில் வில்லே கிடையாது. சூரியன் 42 பாகைக்கு மேல் ஏறிவிட்டால் வில் முழுவதும் தொடுவானத்துக்குக் கீழே போய்விடும். நம் ஊரில் ஐப்பசி மாதத்தில் காலை ஒன்பதேகாலுக்குள், அல்லது பிற்பகல் ஏறத்தாழ இரண்டே முக்கால் மணிக்கு மேல் பார்த்தால்தான் உண்டு. சூரியன் எத்தனை தாழ்கிறதோ அத்தனை உயரமாக வில் எழும்பும்.

தாத்தாவுக்கு வில்லும் ஒரு செய்திதான். கோட்டை மேல் காலை வில் போட்டால் முகம் தெளிவார். ஐப்பசியில் கிழக்கே அந்தி வில் போட்டால் மண்வெட்டியை எடுத்துத் தோளில் வைப்பார். ஆடி, ஆவணியில் அதே கிழக்கு வில்லைப் பார்த்தால் அசைய மாட்டார். “அது போற மழை” என்பார். ஒரே திசை, ஒரே நேரம், இரண்டு பொருள். இது எப்படி என்று எனக்கு நெடுங்காலம் புரியவில்லை. மழை எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று யோசித்ததும் முடிச்சு அவிழ்ந்தது. ஆடி, ஆவணியில் பிற்பகல் வெக்கையில் மேற்கே மலைப்பக்கம் திரளும் இடிமழை கிழக்கு நோக்கி நகரும். அந்தியில் வெயில் மேற்கே தலைகாட்டி, கிழக்கே வில் விழுந்தால், மழை நம்மைத் தாண்டிவிட்டது என்று பொருள். ஐப்பசியில் மழை கடலிலிருந்து வருகிறது. அந்தியில் கிழக்கே வில் விழுந்தால் திண்டிவனம் பக்கம் பெய்யும் மழை இங்கே வந்துகொண்டிருக்கிறது. காலையில் கோட்டை மேல் வில் விழுந்தால் இரவில் பெய்த மழை மேற்கே போய்விட்டது, கிழக்கு வெளுத்துவிட்டது.

ஐரோப்பிய மாலுமிகளிடம் காலை வில் எச்சரிக்கை, மாலை வில் ஆறுதல் என்ற நம்பிக்கை உண்டு. அவர்கள் நாட்டில் வானிலை பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே நகர்வதால் அது அங்கே பொருந்தும். அதை அப்படியே செஞ்சிக்குக் கொண்டுவந்தால் ஐப்பசியில் தலைகீழாகப் போகும். ஆறாம் நூற்றாண்டில் உஜ்ஜயினியில் வராகமிகிரர் எழுதிய பிருகத் சம்ஹிதையில் ஒளிவளையத்துக்கு ஓர் இயல், அதை அடுத்தே இந்திரவில்லுக்கு ஓர் இயல். மேகம் சூழ்ந்த வானில் காற்றால் சிதறிய சூரியனின் பலநிறக் கதிர்களே வில்லாகத் தெரிகின்றன என்கிறார். தேவதையை அல்ல, கதிரையும் மேகத்தையும் காரணமாகச் சொன்னவர் அவர். கிழக்கில் தோன்றும் வில், மழையில்லாதபோது மழையைக் கொண்டுவரும், மழை பெய்யும்போது அதை நிறுத்தும். மேற்கில் தோன்றினால் எப்போதும் மழை என்று விதியும் வகுத்திருக்கிறார். மேற்கு வில் பற்றிய அவர் விதியும் தாத்தாவின் விதியும் ஐப்பசியில் மோதுகின்றன. உஜ்ஜயினியின் வானம் வேறு, செஞ்சியின் வானம் வேறு. பெரிய நூலில் எழுதியிருக்கிறதே என்று தாத்தா அதைப் பின்பற்றியிருந்தால் எங்கள் பயிர் என்றைக்கோ காய்ந்திருக்கும். வான சாத்திரம் என்பது நிற்கிற மண்ணோடு சேர்ந்ததுதான்.

யாருடைய வில் என்பதிலும் ஊருக்கு ஊர் பேச்சு மாறும். சங்கப் பாடல்களில் அது திருவில். இந்திரவில், இந்திரதனுசு என்ற பெயர்களும் நம்மிடம் உண்டு. தெலுங்கில் இந்திரதனுசோடு ஹரிவில்லும் இருக்கிறது. கன்னடத்தில் காமன் பில்லு, மன்மதனின் வில். சிங்களத்தில் தேதுன்ன, தேவரின் வில். மலையாளத்தில் மழவில்லு. எங்கள் பக்கத்தில் யார் பெயரும் சொல்லாமல் “வானவில்லு போட்டிருக்கு” என்பார்கள். யாரோ கோலம் போட்டது போல.

அந்தக் கோலத்தை விரலால் சுட்டக் கூடாது என்பது எங்கள் ஆயாவின் கட்டளை. பூசணிப் பிஞ்சைச் சுட்டினால் பிஞ்சு அழுகும், வில்லைச் சுட்டினால் விரல் அழுகும் என்பாள். வானவில்லைக் கண்டால் அறிவுள்ளவன் பிறருக்குக் காட்டக் கூடாது என்று மனு நூலிலும் இருக்கிறது. கௌதம தருமசூத்திரம் இந்திரவில் என்று சொல்லாமல் மணிவில் என்று சொல்லச் சொல்கிறது. இது நம் நாட்டு வழக்கம் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். ராபர்ட் பிளஸ்ட் என்ற அமெரிக்க மொழியியலாளர் இந்தோனேசியாவில் ஒருமுறை வானவில்லைச் சுட்டப் போய்த் தடுக்கப்பட்டார். அதிலிருந்து தேடத் தொடங்கி, உலகின் பல கண்டங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட மொழி பேசும் மக்களிடம் இதே விலக்கு இருப்பதைத் திரட்டினார். மடக்கிய விரலால் காட்டினால் குற்றமில்லை என்ற தளர்வும் சில இடங்களில் உண்டாம். அதைப் படித்தபோது தாத்தாவின் விரிந்த கை நினைவுக்கு வந்தது. அவர் வில்லைச் சுட்டியதே இல்லை. சாண் போட்டார். ஆயா அதைத் தடுத்ததும் இல்லை. அச்சத்தையும் அளவையும் ஒரே வீட்டில் மோதாமல் வைத்துக்கொள்ள அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

வில் எப்படி உண்டாகிறது என்பதை மனிதர்கள் கண்டறிந்ததும் கையால்தான். 1300களின் தொடக்கத்தில் பாரசீகத்தில் கமாலுத்தீன் அல்-ஃபாரிசியும், ஜெர்மனியில் ஃபிரைபெர்க் ஊர்த் துறவி தியோடோரிக்கும், ஒருவரை ஒருவர் அறியாமல் ஒரே காரியத்தைச் செய்தார்கள். மழைத்துளியைக் கையில் பிடித்து ஆராய முடியாது. ஆகவே கண்ணாடி உருண்டையில் தண்ணீர் நிரப்பி அதையே பெரிய துளியாக வைத்துக்கொண்டார்கள். ஒளி துளிக்குள் வளைந்து நுழைகிறது, பின்சுவரில் ஒருமுறை திரும்புகிறது, மறுபடி வளைந்து வெளியேறுகிறது என்று கண்டார்கள். 1637இல் டேகார்ட் கணக்குப் போட்டு 42 பாகை ஏன் என்று காட்டினார். அப்போது செஞ்சியில் நாயக்கர் ஆட்சி. நிறங்கள் ஏன் பிரிகின்றன என்பதை நியூட்டன் தம் ஒளியியல் நூலில் 1704இல் அச்சிட்டபோது, இங்கே கோட்டைத் தலைவர் சொரூப் சிங், ராஜா தேசிங்கின் தந்தை. செஞ்சியை ஆண்டவர்கள் இதையெல்லாம் அறிந்திருக்க நியாயமில்லை. அவர்கள் தலைக்கு மேலும் அதே 42 பாகையில்தான் வில் நின்றது.

இந்தச் சோதனையை என் வகுப்பில் ஆண்டுதோறும் செய்தேன். ஆய்வகத்தில் இருக்கும் வட்ட அடிக் குடுவை போதும். ஏரித் தண்ணீரைத் துணியில் வடிகட்டி நிரப்புவோம். காலை எட்டரை மணிக்கு வெயில் முதுகில் படும்படி முற்றத்தில் நின்று, குடுவையை இரு கையாலும் முன்னால் பிடித்து மெல்ல உயர்த்த வேண்டும். முதலில் ஒன்றும் தெரியாது. ஓரிடத்தில் குடுவையின் ஓரத்தில் ஊதாப் பொட்டு ஒன்று எரியும். இன்னும் ஒரு விரற்கடை உயர்த்தினால் நீலம், பச்சை, மஞ்சள். கடைசியில் அடுப்புத் தணல் போலச் சிவப்பு. அதற்கு மேல் ஒரு நூல் உயர்த்தினாலும் பொட்டென்று அணைந்துவிடும். பக்கத்தில் நிற்கும் பிள்ளை, “எனக்கு ஒண்ணுமே தெரியலையே டீச்சர்” என்பாள். அவள் கண்ணுக்கு அந்தக் குடுவை நிற்கும் இடம் வேறு. குடுவையை வாங்கி அவளே உயர்த்தினால்தான் அவள் சிவப்பு அவளுக்குக் கிடைக்கும். ஒரு துளி ஒரு கண்ணுக்கு ஒரு நேரத்தில் ஒரு நிறம்தான் தரும். வானம் நிறைய துளிகள் இருப்பதால் நமக்கு ஏழு நிறமும் சேர்ந்து கிடைக்கிறது. நாற்றங்காலில் விடியற்பனி கோத்த நெல் நுனியைப் பார்த்துக்கொண்டே தலையை அசைத்தாலும் இதே விளையாட்டைக் காணலாம். வெயில் ஏறுவதற்குள் பார்க்க வேண்டும்.

கோட்டையின் உச்சியில் நின்று வில்லைப் பார்த்தது ஒரே ஒருமுறை. ராஜகிரி ஏறத்தாழ 800 அடி. தரையில் நிற்பவருக்கு அதிகம் போனால் அரைவட்டம்தான் தெரியும், மீதியை மண் மறைத்துவிடும். உச்சியில் நின்றால் கீழே பெய்யும் மழைத்துளிகளும் நம் வில்லில் சேரும். அன்று காலை பத்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு ஏறியிருந்தோம். தூறல் மேற்கே நகர்ந்ததும் வெயில் முதுகில் அடித்தது. வில்லின் இரு காலும் தொடுவானத்தைத் தாண்டிக் கீழே இறங்கி, பச்சை வயலுக்கும் கரும்பாறைக்கும் முன்னால் வளைந்து உள்நோக்கி மடங்கின. பிள்ளைகளைக் கை நீட்டிச் சாண் போடச் சொன்னேன். அவரவர் தலையின் நிழல் விழும் திசையிலிருந்து தொடங்கி இரண்டு சாண். எல்லோருக்கும் அதே இரண்டு சாண்தான் வந்தது. பதினைந்து வயதுக் கை சிறியதுதானே, எப்படி என்று ஒருவன் கேட்டான். கை சிறிதானால் சாணும் சிறிது, ஆனால் அது கண்ணுக்கும் கிட்ட இருக்கிறது. இரண்டும் ஈடாகிவிடும். இது எவருக்கும் உடம்போடு வந்த கருவி, தொலையாது, விலை கொடுக்க வேண்டாம்.

கருவி தொலையவில்லை, தொழில் தொலைந்துவிட்டது. ஆழ்துளைக் கிணறு வந்தபின் யாரும் மடைத் தண்ணீருக்காகக் காத்திருக்கவில்லை. கரண்ட் வந்தால் மோட்டாரைப் போடுகிறார்கள். தாத்தாவுக்குப் பிறகு அந்தக் கூலி நெல்லை அளந்து கொடுக்க ஊரில் மனமும் இல்லை, அதை வாங்கிக்கொண்டு இரவில் கரை நடக்க எங்கள் வீட்டில் ஆளும் இல்லை. என் அப்பா மல்லாட்டை மண்டிக்கு மூட்டை தூக்கப் போனார், நான் பள்ளிக்கூடம் போனேன். அதில் எனக்கு வருத்தமில்லை. இழிவோடு சேர்த்துக் கட்டப்பட்ட வேலை போனது நல்லதுதான். அந்த வேலைக்குள் இருந்த அறிவும் சேர்ந்து போனதுதான் நெஞ்சை அறுக்கிறது. சொலவடை மிஞ்சியது, சாண் போய்விட்டது. அளவில்லாத சொலவடையை எந்தப் பக்கமும் இழுக்கலாம். மழை பெய்தால் முன்னோர் அறிவு என்கிறார்கள், பெய்யாவிட்டால் மூடநம்பிக்கை என்கிறார்கள். இரண்டு பேரும் கையை நீட்டிப் பார்ப்பதில்லை.

தாத்தாவின் கணக்குக்கும் எல்லை உண்டு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. நம் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் கொட்டியது. நம் மலைகளில் தலையெடுக்கும் சங்கராபரணி ஆறு கரைபுரண்டது. அதற்கு முந்தைய இரவுகளில் யாராவது வானத்தைப் பார்த்திருந்தால் கோட்டை தெரிந்திருக்குமா? தெரிந்திருக்காது. அன்று அமாவாசை. கோட்டை கட்ட நிலாவே இல்லை. அந்த இரவில் செயற்கைக்கோள் படமும் ராடாரும் வானிலை மையத்தின் எச்சரிக்கையும்தான் கண். இதை என் மாணவர்களிடம் மறைக்காமல் சொல்கிறேன். தாத்தா இருந்திருந்தால் அவரும் ரேடியோவைக் காதோடு வைத்துக் கேட்டிருப்பார். கிடைத்த அடையாளத்தையெல்லாம் கேட்டுக்கொள்கிறவர்தான் நல்ல நீர்க்கட்டி.

2025 சூலை 11 அன்று யுனெஸ்கோ, மராட்டியர் காலத்துப் போர்க் கோட்டைகள் பன்னிரண்டை உலக மரபுச் சின்னங்களாக அறிவித்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில், ஒன்று நம் செஞ்சி. ஊரே மகிழ்ந்தது, நானும் மகிழ்ந்தேன். ஆனந்தக் கோனிலிருந்து தேசிங்கு வரை கோட்டையை ஆண்டவர்கள் பெயரெல்லாம் பலகையில் வரும். ஏரிகளுக்கும் குளங்களுக்கும் தண்ணீர் பார்த்தவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. கோட்டையைக் காக்கப் பணம் வரும்போது அந்தக் குளங்களின் வரத்துக் கால்களையும் தூர்வாரிச் சேர்த்துக் காக்க வேண்டும் என்று கேட்கிறேன். அங்கே ஒரு பலகையில், கையை நீட்டி விரலை விரித்த ஒரு மனிதரின் படம் இருந்தால் போதும்.

போன கார்த்திகையில் ஓர் இரவு மாடியில் துணி எடுக்கப் போனேன். வளர்பிறை நிலா, வானமெங்கும் மெல்லிய வெள்ளை. கையை நீட்டினேன். அறுபதைத் தாண்டிய கை லேசாக நடுங்கியது. கட்டைவிரலை நிலாவில் வைத்தேன், சுண்டுவிரல் வளையத்தின் உள்சிவப்பில் போய்ப் படிந்தது. ஒரு சாண். செருப்பைப் போட்டுக்கொண்டு டார்ச் லைட்டோடு ஏரிக்குப் போனேன். உபரித் தண்ணீர் வெளியேறும் கலங்கலில் நட்ட கல்லுக்கு நடுவே யாரோ மண்ணும் புல்லும் வைத்து அடைத்திருந்தார்கள், கூடுதல் தண்ணீர் நிற்கட்டும் என்று. மழை பலமாக வந்தால் கரைக்கு ஆகாது. பக்கத்து வீட்டுப் பையனைப் போனில் எழுப்பி வரச் சொன்னேன். இரண்டு பேரும் சேர்ந்து, ஒரு மணி நேரத்தில், அடைப்பை எடுத்துவிட்டு வந்தோம்.